அதிபர் தேர்தலில் இனமும் மதமும் எந்த இடத்தில் வேலை செய்கின்றன?

சுங்கைப்பொண்ணு கேட்டது:

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் தொடங்கி இன்னும் ஓயவில்லை.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். “2024 அமெரிக்க அதிபர் தேர்தல்ல டிரம்ப்கிட்ட கமலா ஹாரிஸ் தோத்ததுக்குத் தோல் நிறம்தான் காரணம், வேற பேச்சே வேணாம்” என்கிறார். அண்ணன் ஜொகூர் பாருவில் தங்கி தினமும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். “அப்படின்னா 2023 சிங்கப்பூர் அதிபர் தேர்தல்ல தமிழரான தர்மனுக்கு எப்படி 70.4 விழுக்காடு விழுந்துச்சு? அங்க நாலுல மூணு பேர் சீனங்க” என்று மடக்குகிறார். அம்மா இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அலுத்துப்போனார்.

நம் நாட்டில் அதிபர் தேர்தலே இல்லை. மாமன்னரை ஆட்சியாளர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதமருக்கும் நாம் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. அதனால் எனக்கு இது சரியாகப் பிடிபடவில்லை. வேட்பாளரின் இனமும் மதமும் உண்மையிலேயே முடிவை மாற்றுமா? கட்சிச் சாயம் பூசாமல் யாராவது விளக்குங்கள்.

கோப்பிக்கடைக் குமார்:

தங்கச்சி, அதெல்லாம் ஒன்றும் இல்லை. முட்டை விலை, அவ்வளவுதான். 2022 ஜூனில் அமெரிக்காவில் பணவீக்கம் 9.1 விழுக்காடு. 2024-இல் பிரிட்டனில் ஆட்சியில் இருந்தவர்கள் மண்ணைக் கவ்வினார்கள், ஜப்பானில் ஆளும் கூட்டணி பெரும்பான்மையை இழந்தது. அங்கே எந்தக் கறுப்பர் நின்றார்? கமலாவுக்கும் டிரம்புக்கும் இடையே மொத்த ஓட்டில் ஒன்றரை விழுக்காடுதான் வித்தியாசம். சாமான் விலை ஒன்றே அதற்குப் போதும்.

பழைய கிராணி:

பிள்ளை, உங்கள் அப்பா, அண்ணன், இந்தக் குமார் தம்பி மூன்று பேரும் ஓட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். இனமும் மதமும் பாதி வேலையைப் பெட்டி வருவதற்கு முன்னாலேயே முடித்துவிடும்.

நான் தோட்ட ஆபீஸில் செக்ரோல், அதாவது ஆள் கணக்குப் பதிவேடு, எழுதியவன். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கட்சிக்காக லயம் லயமாகப் போவேன். நமக்குப் போடுவார் என்றால் வெள்ளை, எதிர்ப்பக்கம் என்றால் கறுப்பு, தெரியவில்லை என்றால் சாம்பல். ச்சூலான் என்னும் இந்த வாக்காளர் கணக்கை எடுத்தவர்களுக்கு இது தெரியும். ஒரு தடவை எங்கள் வேட்பாளர் வேறு இனத்தவர். முதல் வீட்டில் மைலோ கலக்கிக் கொடுத்து, பிஸ்கட் டின்னையும் திறந்து வைத்தார்கள். வீட்டுக்காரர், “எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது கிராணி. ஆனா பக்கத்து வீட்டுல போடமாட்டாங்களே” என்றார். பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவரும் அதையேதான் சொன்னார், முதல் வீட்டைக் கைகாட்டி. இரண்டு வீட்டுக்கும் சாம்பல் போட்டுவிட்டு நடையைக் கட்டினேன்.

இத்தனை காலத்தில் “அவன் அந்த இனம், அதனால் போடமாட்டேன்” என்று என் முகத்துக்கு நேராக ஒருவர்கூடச் சொன்னதில்லை. எல்லாரும் மற்றவர்களைத்தான் சொல்வார்கள். இதையே கட்சித் தலைவர்கள் அறைக்குள் உட்கார்ந்து சொல்லும்போதுதான் ஆபத்து. “நல்ல ஆள்தான், ஆனா ஜனங்க ஏத்துக்கமாட்டாங்க” என்று முடித்துவிட்டால் அந்த ஆளின் பெயர் ஓட்டுச் சீட்டுக்கே வராது. பெயரே இல்லாதவர் எத்தனை ஓட்டில் தோற்றார் என்று யார் கணக்குப் போட முடியும்?

அமெரிக்கக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1928-இல் ஜனநாயகக் கட்சி சார்பில் அல் ஸ்மித் நின்றார். கத்தோலிக்கர். இவர் வந்தால் போப்பாண்டவர்தான் வெள்ளை மாளிகையில் ஆட்சி செய்வார் என்று ஊரெல்லாம் கிளப்பிவிட்டார்கள். அவருடைய கட்சியின் கோட்டையாக இருந்த தென் மாநிலங்களில் டெக்சஸ், புளோரிடா, வெர்ஜினியா எல்லாம் கை மாறின. அன்றைக்கு நாட்டில் பணப்புழக்கம் நன்றாக இருந்ததும், மதுவிலக்குக்கு எதிராக ஸ்மித் பேசியதும் சேர்ந்துதான் அவரைக் கவிழ்த்தன. ஆனால் கட்சிக்காரர்கள் மனத்தில் நின்றது ஒன்றே ஒன்று: கத்தோலிக்கர் ஜெயிக்கமாட்டார். அடுத்த கத்தோலிக்க வேட்பாளர் வர 32 வருடம் ஆனது.

அவர்தான் கென்னடி. 1960-இல் அவர் முதலில் சமாளிக்க வேண்டியிருந்தது பொது ஜனங்களை அல்ல, சொந்தக் கட்சிப் பெரியவர்களை. அதற்காகவே கத்தோலிக்கர்கள் மிகக் குறைவாக இருந்த மேற்கு வெர்ஜினியாவில், சுரங்கத் தொழிலாளிகள் நடுவே, புரொட்டஸ்டன்டான ஹம்ஃப்ரியை எதிர்த்து உள்கட்சித் தேர்தலில் நின்று ஜெயித்துக் காட்டினார். “பாருங்கள், அவர்களும் போடுகிறார்கள்” என்று காட்ட வேண்டியிருந்தது. செப்டம்பர் 12-ஆம் தேதி ஹூஸ்டனில் பாதிரிமார்களின் முன்னால் நின்று, நான் கத்தோலிக்க வேட்பாளர் இல்லை, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், கத்தோலிக்கராகவும் இருக்கிறேன் என்று பேசினார். கடைசியில் ஏறக்குறைய 6 கோடியே 80 லட்சம் ஓட்டில் சுமார் 112,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மதம் அவருக்குப் புரொட்டஸ்டன்ட் ஓட்டைக் குறைத்தது, கத்தோலிக்க ஓட்டைக் குவித்தது. பத்தில் எட்டுக் கத்தோலிக்கர் அவருக்குப் போட்டார்கள். ஒரே சங்கதி ஒரு கையால் எடுத்து இன்னொரு கையால் கொடுத்திருக்கிறது.

ஒபாமா விஷயத்தில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது 2008 நவம்பர் இல்லை, ஜனவரி. அதுவரை தென் மாநிலத்துக் கறுப்பர்களிலேயே நிறையப் பேர் உள்கட்சிப் போட்டியில் அவரை எதிர்த்து நின்ற ஹிலரி கிளின்டன் பக்கம். காரணம் அதே பழைய பாட்டு: வெள்ளைக்காரர்கள் இவருக்குப் போடப்போவதில்லை, நம் ஓட்டு எதற்கு வீணாக? ஜனவரி 3-ஆம் தேதி, கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளையராக இருக்கும் அயோவாவில் அவர் ஜெயித்தார். அந்த மாதம் முடிவதற்குள் தென் கரோலினாவில் கறுப்பர்கள் மொத்தமாக அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நவம்பரில் வெள்ளையர்களில் 43 விழுக்காட்டினர் அவருக்குப் போட்டார்கள் என்கிறது வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பு. நாலு வருடத்துக்கு முன் நின்ற ஜான் கெர்ரி வெள்ளைக்காரர். அவருக்கு 41-தான். 1964-இல் ஜான்சனுக்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் வெள்ளையரில் பாதியைத் தொட்டதில்லை. உங்கள் அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அதற்காக உங்கள் அண்ணனும் ரொம்பத் துள்ள வேண்டாம். 1982-இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் லாஸ் ஏஞ்சல்ஸ் மேயர் டாம் பிராட்லி நின்றார். கறுப்பர். கருத்துக்கணிப்பெல்லாம் அவர் ஜெயிப்பார் என்றது. நூலிழையில் தோற்றார். தபால் ஓட்டுதான் கவிழ்த்தது என்போரும் உண்டு. எனக்கென்னவோ அங்கேயும் மைலோ கலக்கிக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் படுகிறது.

நம் பேராக்கை எடுத்துக்கொள்வோம். 2008-இல் ஆட்சியைப் பிடித்த கூட்டணியில் சீனரும் இந்தியரும் மிகுந்த ஜ.செ.க.வுக்கு (ஜனநாயக செயல் கட்சி) 18 இடம், பல இனக் கட்சியான பி.கே.ஆருக்கு 7, மலாய் முஸ்லிம் கட்சியான பாஸுக்கு 6. மந்திரி புசார், அதாவது மாநில முதல்வர், ஆனது ஆறு இடம் பிடித்த கட்சிக்காரர். மந்திரி புசார் மலாய்க்காரராகவும் முஸ்லிமாகவும் இருக்க வேண்டும் என்கிறது மாநில அரசியலமைப்பு. சுல்தான் நினைத்தால் அதைத் தளர்த்தலாம், ஆனாலும் நடந்தது அதுதான். இதில் எந்த வாக்காளரைக் குறை சொல்வீர்கள்? சுங்கை சிப்புட்டும் அப்படித்தான். எந்த ஓர் இனமும் தனியாகப் பாதியைத் தொடாத தொகுதி. ஆனால் 1959-இல் சம்பந்தன் தொடங்கி, 1974 முதல் 2008 வரை சாமிவேலு, அவரைத் தோற்கடித்த டாக்டர் ஜெயக்குமார், அதற்குப் பிறகு வந்தவர் வரை எல்லாரும் இந்தியர். அது கூட்டணிகள் தொகுதியைப் பங்கு பிரிக்கும் மேசையில் முடிவாகும் கதை.

பாலம்தாண்டி:

நான்தான் அந்த அண்ணன். துள்ளவில்லை ஐயா!

நீங்கள் சொன்ன ‘அறைக்குள் முடிவு’ சிங்கப்பூருக்கு அப்படியே பொருந்தும். 2019-இல் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில் அப்போது நிதியமைச்சராக இருந்த ஹெங் சுவீ கியட்டிடம் சீனர் அல்லாத பிரதமர் வருவாரா என்று கேட்டார்கள். தர்மன் பெயரும் அந்தக் கேள்வியில் வந்தது. மூத்த தலைமுறை அதற்கு இன்னும் தயாராக இல்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். நாலு வருடம் கழித்து அதே ஜனங்கள் 70.4 விழுக்காடு போட்டார்கள். எதிரே நின்ற இரண்டு பேரும் சீனர்கள்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அங்கே அதிபர் நாட்டை நடத்துகிறவர் இல்லை, பிரதமர்தான். தர்மன் துணைப் பிரதமராக இருந்தவர், எல்லாருக்கும் தெரிந்த முகம். அப்புறம் 2017-ஐயும் சொல்ல வேண்டும். ஓர் இனத்திலிருந்து தொடர்ந்து ஐந்து தவணை அதிபர் வராவிட்டால் அடுத்த தேர்தலை அந்த இனத்துக்கே ஒதுக்குவது என்று 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அடுத்த வருடம் மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கினார்கள். ஹலிமா யாக்கோப் ஒருவர்தான் தகுதி பெற்றார், ஓட்டே நடக்கவில்லை. அவருடைய அப்பா இந்திய முஸ்லிம் என்று ஒரு பக்கம் முணுமுணுப்பு. என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார நண்பருக்கே அது பிடிக்கவில்லை. போட்டியில் ஜெயித்து வந்திருந்தால் நெஞ்சை நிமிர்த்தியிருப்போம் என்றார்.

ஈப்போ டீச்சர்:

கிராணி ஐயா, பெட்டிக்கு முன்னாலேயே பாதி முடிந்துவிடும் என்பது சரி. மீதிப் பாதியை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் தாத்தா வழி யாழ்ப்பாணம், அதனால் இலங்கைக் கணக்கு எங்கள் வீட்டில் அத்துப்படி.

அங்கே ஜெயிக்கக்கூடிய வேட்பாளர்கள் எப்போதுமே சிங்கள பௌத்தர்கள். அப்படியிருந்தும் இனம்தான் முடிவைத் திருப்பியிருக்கிறது. 2005-இல் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். ரணில் சுமார் 180,000 ஓட்டில் மகிந்தவிடம் தோற்றார். 2015-இல் தமிழரும் முஸ்லிம்களும் திரண்டு போய்ப் போட்டார்கள், மகிந்தவைத் தோற்கடித்து மைத்திரிபால வந்தார். 2019-இல் வடக்கும் கிழக்கும் சஜித்துக்குக் கொட்டிக் கொடுத்தன. கோத்தபாய பெரும்பான்மை இனத்தின் ஓட்டிலேயே 52 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார். ஆகவே யார் நிற்கிறார் என்பதோடு, யார் வீட்டை விட்டு வெளியே வந்து போடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒபாமாவுக்கும் கறுப்பர்களில் 95 விழுக்காடு விழுந்தது, வரிசையில் நின்றவர்களும் முன்பைவிட அதிகம்.

சுங்கைப்பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒபாமா முஸ்லிம் என்று ஒரு புரளி கிளம்பியதே, அவர் கிறிஸ்தவர் என்று சொன்னதோடு அது முடிந்துபோனதா? அப்புறம், கமலாவைப் பற்றி கிராணி ஐயா ஒன்றுமே சொல்லவில்லையே?

பழைய கிராணி:

டீச்சர் சொன்னது நியாயம், எடுத்துக்கொள்கிறேன்.

புரளி முடியவில்லை, பிள்ளை. இல்லை இல்லை என்று மறுக்க மறுக்க, முஸ்லிமாக இருப்பது ஏதோ குற்றம் என்றல்லவா ஆகிவிடுகிறது? அதை எடுத்துச் சொன்னவர் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்காரர், முன்னாள் வெளியுறவு அமைச்சர் கோலின் பாவல். 2008 அக்டோபரில் தொலைக்காட்சியில் ஒபாமாவை ஆதரித்தபோது, அவர் கிறிஸ்தவர்தான், ஆனால் முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன என்று கேட்டார். பதவிக்கு மதச் சோதனை கூடாது என்று அந்த நாட்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவிலேயே இருக்கிறது. ஏட்டில் இருப்பது வேறு. 2020-இல் கேலப் நிறுவனம் கேட்டபோது, தகுதியுள்ள கறுப்பருக்குப் போடுவோம் என்றவர்கள் 96 விழுக்காடு, கத்தோலிக்கருக்கு 95, முஸ்லிமுக்கு 66, கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு 60. இதெல்லாம் வாயால் சொன்ன கணக்கு என்பதையும் மறக்காதீர்கள். கறுப்பருக்கான கணக்கு 1958-இல் 40-ஐக்கூடத் தொடவில்லை என்பதால், இதுவும் மாறக்கூடியதுதான்.

கமலா தோற்றதற்கு நிறம்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். அதே தேர்தலில் டிரம்புக்கு லத்தீனோ ஓட்டு கூடியிருக்கிறது, அதை நிறத்தை வைத்து மட்டும் விளக்க முடியாது. குமார் சொல்லும் விலைவாசிக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதிபராக இருந்த பைடன் 2024 ஜூலை 21-ஆம் தேதிதான் போட்டியிலிருந்து விலகி கமலாவுக்கு வழிவிட்டார். கென்னடிக்கு ஒரு மேற்கு வெர்ஜினியா, ஒபாமாவுக்கு ஓர் அயோவா கிடைத்த மாதிரி, “எனக்கும் போடுகிறார்கள், பாருங்கள்” என்று காட்ட அவருக்கு உள்கட்சித் தேர்தல் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் பயம் முழுசாக அப்படியே இருந்தது, அவருக்குள்ளும்கூட. துணை அதிபர் வேட்பாளராக பீட் பூட்டிஜெஜ்தான் பொருத்தமானவர் என்று நினைத்ததாகத் தோல்விக்குப் பிறகு அவரே எழுதினார். பூட்டிஜெஜ் ஓரினச் சேர்க்கையாளர். ஒரு பெண், அதிலும் கறுப்பினப் பெண், கணவர் யூதர், இதற்கே நாட்டிடம் நிறையக் கேட்டாகிவிட்டது, அதற்கு மேல் இதையும் கேட்டால் தாங்காது என்று விட்டுவிட்டாராம். டிம் வால்ஸை எடுத்துக்கொண்டார். அது சரியான கணிப்பா, வீண் பயமா? நாட்டிடம் கேட்கவே இல்லையே, எப்படித் தெரியும்?

சுங்கைப்பொண்ணு:

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கெர்ரிக்கு 41, ஒபாமாவுக்கு 43 என்ற இடத்தில் மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அதெல்லாம் சரி, அந்தக் கிராணி எந்தக் கட்சிக்கு வீடு வீடாப் போனாருன்னு கேளு” என்கிறார்.