1200 மி.மீ. கன்வேயர் பெல்ட்டை நடுவில் பிளந்தால் இரண்டு துண்டும் வில்லாக வளைகின்றன: உதவி தேவை

கரூர் பட்டறை:
வணக்கம். கல் கிரஷர்களுக்குப் பழைய கன்வேயர் பெல்ட்டை அளவுக்கு வெட்டித் தரும் சிறு பட்டறை எங்களுடையது. கியர் மோட்டாரில் ஓடும் வட்டக் கத்தி, இருபுறமும் கைடு ரோலர், எதிர்முனையில் இழுத்துச் சுற்றும் டிரம், மெஷின் அவ்வளவுதான். இப்போது 1200 மி.மீ. அகலமுள்ள நான்கு பிளை (உள்ளே நான்கு துணி அடுக்கு) பெல்ட்டை நடுவில் பிளந்து இரண்டு 600 ஆக்குகிறோம். தரையில் விரித்தால் துண்டு வளைந்து கிடக்கிறது. கிரஷரில் ஏற்றினால் ஒரே பக்கமாக ஓடி, சட்டத்தில் உரசி ஓரம் பிய்கிறது. வெட்டிய முகத்திலும் ரப்பர் கருகிய வாடை, பிசுபிசுப்பு, நூல் பிசிறு. கத்தியை மாற்றுவதா, மெஷினையே மாற்றுவதா? வாடிக்கையாளர் தினமும் போன் செய்கிறார்.

ஜாயிண்ட் வேலைக்காரன்:
கருகலுக்கும் பிசிறுக்கும் காரணம் மழுங்கிய கத்தி. தீட்டிப் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், கத்தி ரப்பரைத் தொடும் இடத்தில் சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும்.

சேலம் கிரஷர்:
நாங்கள் டீசல் தொட்டுத்தான் வெட்டுகிறோம். கத்தி வெண்ணெய் போல இறங்குகிறது.

ஜாயிண்ட் வேலைக்காரன்:
தயவுசெய்து வேண்டாம் அண்ணா. சாதாரண ரப்பர் டீசலைக் குடித்து உப்பிவிடும். பிறகு அந்த இடத்தில் ஜாயிண்ட் போட்டால் பசை பிடிக்காது. இப்படிப் பிரிந்து வந்த ஜாயிண்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நெய்வேலி ஓய்வு:
தம்பி, வளைவுக்குக் கத்தியைக் குறை சொல்லும் முன் டேப்பும் நூலும் எடுங்கள். இரண்டு துண்டையும் இழுக்காமல், வெட்டுவதற்கு முன் இருந்தபடியே பக்கத்தில் பக்கத்தில் விரியுங்கள். மீட்டருக்கு ஒருமுறை அகலம் அளந்து எழுதுங்கள். அகலம் கூடிக் குறைந்தால் கைடு ரோலர் ஆடுகிறது, கோளாறு மெஷினில். அகலம் சீராக இருந்தும் வளைந்தால் கோளாறு பெல்ட்டுக்குள். அப்போது எந்த ஓரம் வெளிவளைவில் இருக்கிறது என்று பாருங்கள், பழைய ஓரமா, புதிதாக வெட்டிய ஓரமா?

கரூர் பட்டறை:
அளந்துவிட்டோம் ஐயா. அகலம் எங்கும் 600, ஓரிரு மில்லி வித்தியாசம்தான். இரண்டு துண்டும் எதிரெதிராக வளைகின்றன. இரண்டிலுமே பழைய ஓரம்தான் வெளிப்பக்கம்.

நெய்வேலி ஓய்வு:
அப்படியானால் மெஷினில் கை வைக்காதீர்கள். அந்த பெல்ட்டின் ஓரங்கள் நடுப்பகுதியைவிட நீண்டுவிட்டன. கன்வேயரின் தட்டையான டிரம்முக்கும் பெல்ட்டைத் தொட்டிபோல் மடக்கும் முதல் ரோலர் செட்டுக்கும் இடைவெளி போதாத இடத்தில் ஓடினால், ஒவ்வொரு சுற்றிலும் ஓரங்கள்தான் அதிகம் இழுபடும். முழு பெல்ட்டாக இருந்தவரை இடதும் வலதும் ஒன்றையொன்று சமன் செய்தன. நடுவில் பிளந்ததும் ஒவ்வொரு பாதியும் தன் நீளமான பக்கத்தை வெளியே தள்ளுகிறது.

வெட்டும் இடத்தை மாற்றுங்கள். இரு ஓரத்திலும் 300 மி.மீ. கழித்து நடுவிலிருந்து 600 எடுங்கள். இழுவிசை இருபுறமும் ஒன்றாக இருப்பதால் அது நேராக நிற்கும். அளவைத் தேய்ந்த ஓரத்திலிருந்து எடுக்காமல் நடுக்கோட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு ரோலுக்கு ஒரு பெல்ட்தான் கிடைக்கும், நஷ்டம்தான். ஆனால் வளைந்ததை விற்றால் வாடிக்கையாளரே கைவிட்டுப் போய்விடுவார்.

அடுத்த முறை வாங்கும்போது சில மீட்டர் தரையில் தளர்வாக விரித்துப் பாருங்கள். நடு படிந்து, ஓரங்கள் மட்டும் அலை அலையாக எழும்பினால் பாதியாகப் பிளக்க அது ஆகாது. இன்னொன்று: ஸ்டீல் கார்டு பெல்ட்டை (துணிக்குப் பதில் எஃகுக் கம்பி வடம் வைத்தது) இந்தக் கத்தியில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கரூர் பட்டறை:
பத்து மீட்டர் வெட்டி நூல் பிடித்துப் பார்த்தோம், நேராக இருக்கிறது! சோப்புத் தண்ணீர் வைத்ததும் வாடையும் நின்றது. மிக்க நன்றி ஐயா. மிஞ்சிய 300 பட்டைகளைக் கிரஷரில் ஸ்கர்ட் ரப்பராக (பெல்ட்டில் கல் விழும் இடத்தில் பக்கவாட்டில் சிந்தாமல் தடுக்கும் பட்டை) கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

ஜாயிண்ட் வேலைக்காரன்:
கூடாது. வெட்டிய முகத்தில் இருக்கும் துணிப் பிளையில் கல்தூள் ஏறி, ஓடும் பெல்ட்டையே உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். ஸ்கர்ட்டுக்குத் துணியில்லாத ரப்பர்தான் போட வேண்டும். இந்தப் பட்டைகளைக் கல் சரிந்து இறங்கும் சரிவுப் பெட்டியின் (chute) உள்பக்கம் அடிக்கக் கொடுங்கள், நன்றாக உழைக்கும்.