ரெண்டே கால் வயசு, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல: எங்க காட்டுறது?

பாபநாசம் அம்மா:
பையனுக்கு ரெண்டே கால் வயசு. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான். ஆனா கொல்லையில பம்புசெட்டு ஓடுற சத்தம் கேட்டா எங்க இருந்தாலும் ஓடுவான், தொட்டியில தண்ணி விழறதையே பார்த்துக்கிட்டு நிப்பான். ஏதாவது வேணும்னா விரல் நீட்டிக் காட்டுறதில்ல, என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அது மேல வைக்கிறான். 'அப்பா', 'தண்ணி'ன்னு சொல்லிட்டிருந்தான், இப்ப அதுவும் நின்னுபோச்சு. மாமியார், "உம் புருஷனே நாலு வயசுலதான் பேசினான்"ங்கிறாங்க. நாக்குல வசம்பு தேய்ச்சாச்சு. திருக்கோலக்கா போய் ஓசை கொடுத்த நாயகிகிட்ட வேண்டிக்கிட்டும் வந்தோம். ஆட்டிசமா இருக்குமோன்னு தூக்கமே இல்ல. மூணு வயசு வரைக்கும் பார்க்கலாமா? மெட்ராஸ்தான் போகணுமா?

மன்னார்குடி அக்கா:
வேண்டுதல் இருக்கட்டும்மா, நானும் அந்தச் சன்னதியில நின்னவதான். ஆனா காத்திருக்காதீங்க. வந்த பேச்சு நின்னுபோச்சுன்னா அது ஒண்ணே போதும், இந்த வாரமே காட்டணும். மெட்ராஸ் வேண்டாம். மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு ஆஸ்பத்திரியில ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு, வளர்ச்சியில பின்தங்குற பிள்ளைகளைச் சின்ன வயசுலயே பார்த்துப் பயிற்சி கொடுக்கிற இடம், காசு கிடையாது. தஞ்சாவூர்ல குழந்தைகள் பிரிவுல கேட்டா அனுப்புவாங்க. அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைப் பார்க்க வர்ற டாக்டர் குழுகிட்டயும் சொல்லலாம்.

பயிற்சி அங்க கொஞ்ச நேரந்தான், மிச்சமெல்லாம் வீட்டுல. எம் பொண்ணுக்கு ஊஞ்சல்னா உசுரு. ஆட்டிவிட்டு நிறுத்துவேன், முகத்துக்கு நேரா உட்கார்ந்து 'ஆட்டு'ன்னு சொல்லிட்டுச் சும்மா இருப்பேன். என்னைப் பார்த்தாலே போதும், உடனே ஆட்டுவேன். முதல்ல பார்வை, அப்புறம் கை நீட்டல், ரொம்ப நாள் கழிச்சு 'ஆ'ங்கிற சத்தம் வந்துச்சு. இப்ப ஊர்ப் பள்ளிக்கூடத்துல மூணாவது படிக்கிறா. உங்க பையனுக்குத் தண்ணி இருக்கே! சொம்போட அவன் முன்னாடி உட்காருங்க, கொஞ்சம் ஊத்துங்க, நிறுத்துங்க, 'ஊத்து'ன்னு சொல்லிட்டு அவன் கண்ணுக்காகக் காத்திருங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன். இந்தப் பிள்ளைங்க நிறைய பேர் தண்ணியைத் தேடித் தனியாப் போயிடும், பயம் தெரியாது. மேட்டூர் திறந்து வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா கண்ணை எடுக்கக் கூடாது. கொல்லைக் கதவுக்கு அவனுக்கு எட்டாத உயரத்துல இன்னைக்கே தாழ்ப்பாள் போடுங்க.

பேச்சுப் பயிற்சியாளர், கும்பகோணம்:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. முதல்ல காது டெஸ்ட் எடுங்க. மோட்டார் சத்தத்துக்கு ஓடுறான்கிறதால காது முழுசாக் கேக்குதுன்னு அர்த்தமில்ல, பேச்சுக்கு வேண்டிய மெல்லிய சத்தம் கேக்காம இருக்கலாம். ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கான்னு பெத்தவங்ககிட்ட கேக்குற 'எம்-சாட்'னு 20 கேள்வி இருக்கு, 16லருந்து 30 மாசம் வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு. உங்க பையன் அதுக்குள்ளதான் இருக்கான். அதுல சந்தேகம் வந்தா மேற்கொண்டு பார்ப்பாங்க, அதுவே முடிவு கிடையாது. ஆனா முடிவு எழுத்துல வர்ற வரைக்கும் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். வசம்பை விட்டுடுங்க. 'குணமாக்குறேன்'னு மருந்து விக்கிறவங்ககிட்ட ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க.

ஆட்டிசம்னு உறுதியானா மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் உண்டு. அட்டை வந்ததும் 'நிராமயா'ங்கிற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு எழுதிப் போடுங்க. வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும், பயிற்சிச் செலவும் அதுல சேரும்.

பாபநாசம் அம்மா:
மாமியார்கிட்ட இதையெல்லாம் வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல, தானும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அக்கா, காது டெஸ்டுக்கு இவன் அசையாம இருக்கணுமே, எப்படி?

மன்னார்குடி அக்கா:
அசையாம இருக்க மாட்டாத பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தூங்க வச்சுத்தான் எடுப்பாங்கம்மா. அன்னைக்கு விடியக்காலையிலயே எழுப்பி விட்டுடுங்க, பஸ்ஸுல தூங்க விடாதீங்க. தூங்கலைன்னா டாக்டரே பார்த்து மருந்து கொடுப்பாங்க, அதனால சாப்பாடு எப்ப கொடுக்கணும்னு முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க.