பாட்டி வீட்டுக் குழு: தம்பியின் ட்ரோனுக்கு ஒரு ரிமோட்

சனிக்கிழமை

செந்தூல் சித்தி, மாலை 5:10
அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்கள். தம்பியின் ட்ரோன். பழைய வீட்டில் இருந்தபோது பூப்பந்துக் கம்பத்தில் மோதி விழுந்தது. வீடு மாறும்போது அப்படியே பெட்டியோடு கட்டிவிட்டோம், இன்றுதான் பிரித்தோம். ரிமோட்டிலும் விளக்கு எரியவில்லை. கடையில் காட்டினால், பழுது பார்க்க மாட்டோம், புதிதாக வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். அவர் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

செந்தூல் சித்தி, மாலை 5:11
[4 படங்கள்]

மாமா, மாலை 5:24
தூக்கிப் போடாதே, தங்கச்சி. இந்த மாதிரி பொம்மையில் கெட்டுப்போகிற இடங்கள் குறைவு. பேட்டரி, மோட்டார், பல்சக்கரம், கம்பி, ரிமோட். நடுவில் இருக்கிற சர்க்யூட் போர்டு பெரும்பாலும் தப்பித்துவிடும். போனைத் தம்பியிடம் கொடு.

தம்பி, மாலை 5:26
மாமா நான்தான்.

மாமா, மாலை 5:27
எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியை வெளியே எடு. எடுத்து மேசையில் வைத்து, பக்கவாட்டில் இருந்து ஒரு படம் அனுப்பு.

தம்பி, மாலை 5:30
[படம்] கொஞ்சம் குண்டாக இருக்கிறது மாமா. உள்ளே காற்று போன மாதிரி.

மாமா, மாலை 5:31
அதை இனிமேல் சார்ஜ் செய்யக் கூடாது. அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது. இது லித்தியம் பாலிமர் பேட்டரி, 3.7 வோல்ட். நிறைந்தால் 4.2 வோல்ட் வரும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிப் பல மாதம் கிடந்தால் உள்ளே கெட்டு வாயு சேரும், அதனால்தான் உப்புகிறது. சார்ஜரில் மாட்டினால் தீப்பிடிக்கலாம். பழைய பிஸ்கட் தகர டின்னில் போட்டு வெளியே, சிமெண்டுத் தரையில் வை. மின்கழிவு எடுக்கிற இடத்தில் நானே கொடுத்துவிடுகிறேன். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம்.

பாட்டி, மாலை 5:40
தீ என்றால் வீட்டுக்குள் வைக்காதீர்கள் ராசா. மாமா சொல்வதைக் கேள்.

தம்பி, மாலை 5:52
வெளியே வைத்துவிட்டேன் பாட்டி. ஸ்குரு எல்லாம் கழற்றி அடிப்பக்கம் திறந்துவிட்டேன். [படம்]

மாமா, மாலை 6:05
நல்ல பிள்ளை. ஸ்குருக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வை. இப்போது நான்கு விசிறிகளையும் ஒவ்வொன்றாக விரலால் மெதுவாகச் சுற்று. சத்தம், தடங்கல் ஏதாவது தெரிகிறதா என்று சொல்.

தம்பி, மாலை 6:14
முன்பக்க இடது நன்றாகச் சுற்றுகிறது. முன்பக்க வலது, பின்பக்க வலது ஆகிய இரண்டும் பரவாயில்லை, ஒன்றில் லேசாகக் கரகர என்கிறது. பின்பக்க இடது சுற்றவே மாட்டேன் என்கிறது. அந்த மோட்டாரின் ஒரு கம்பி போர்டில் இருந்து பிய்ந்து தொங்குகிறது.

மாமா, மாலை 6:20
கரகர என்கிற இடத்தில் பல்சக்கரத்துக்குக் கீழே உற்றுப் பார். முடி சுற்றியிருக்கும். ஊசியால் எடுத்துவிடலாம். பின்பக்க இடதில் பல்சக்கரத்தின் பல் உடைந்து சிக்கியிருக்கிறதா பார்.

தம்பி, மாலை 6:31
ஆமாம் மாமா!! அம்மாவின் முடி. நீளமாக, கறுப்புக் கம்பி மாதிரி இருந்தது. எடுத்ததும் சத்தம் போய்விட்டது. பின்பக்க இடதில் வெள்ளைப் பல்சக்கரத்தில் இரண்டு பல் இல்லை.

மாமா, மாலை 6:38
அந்தச் சக்கரத்தை எடுத்துவிட்டு மோட்டாரைத் தனியாகப் பார்த்துவிடலாம். கடிகாரத்தில் போடுகிற சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடு. பிய்ந்த கம்பியை ஒரு முனையிலும், அதே மோட்டாரின் இன்னொரு கம்பி போர்டில் ஒட்டியிருக்கிற இடத்தை மறு முனையிலும் தொடு. சுற்றினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது.

தம்பி, மாலை 6:50
சுற்றுகிறது. மெதுவாக, ஆனால் சுற்றுகிறது.

மாமா, மாலை 6:52
அப்போ ஒரு பல்சக்கரமும் ஒரு பேட்டரியும் வாங்கினால் போதும். ஷாப்பி ஆன்லைன் கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். பேட்டரியில் 3.7 வோல்ட் 500 எம்ஏஎச் என்று இருக்கும், பிளக் உன்னுடையது போலவே இருக்கிறதா என்று படத்தோடு ஒத்துப் பார்த்து வாங்கச் சொல். கம்பிக்கு ஈயம் வைக்க நான் வருகிறேன். நாளை காலை புடுவில் ஜாலான் பாசாருக்குப் போகிற வேலை இருக்கிறது, மெல்லிய ஈயக் கம்பி அங்கேயே வாங்கிக்கொண்டு எல்ஆர்டி ரயிலில் நேராகச் செந்தூல் வந்துவிடுவேன்.

செந்தூல் சித்தி, மாலை 7:15
வாருங்கள் அண்ணா, மதியம் இங்கேயே சாப்பிடலாம். ரிமோட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. பேட்டரி போடுகிற இடத்தில் வெள்ளையாக, பச்சையாக உப்புப் பூத்த மாதிரி இருக்கிறது. [படம்]

மாமா, மாலை 7:22
பேட்டரியை உள்ளேயே விட்டதால் கசிந்திருக்கிறது. அது காரம், கையில் படக் கூடாது. காது துடைக்கிற பஞ்சில் வினிகர் தொட்டு ஸ்பிரிங் மேல் துடைத்தால் நுரை வந்து கரையும். அப்புறம் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு வை. நாளை பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

மாமா, மதியம் 2:40
கம்பிக்கு ஈயம் வைத்தாயிற்று. போர்டு நன்றாக இருக்கிறது. ரிமோட்தான் போய்விட்டது. ஸ்பிரிங் பளபளவென்று இருக்கிறது, ஆனால் கசிந்த நீர் போர்டுக்குள் இறங்கிச் செப்புக் கோடுகளைத் தின்றுவிட்டது. சுவிட்சுக்குப் போகிற கோட்டுக்குப் பதில் கம்பி இழுத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, ஆனால் ட்ரோனை ஓட்டுகிற இடது குச்சிக்கு அடியில் இருக்கிற பாகமும் துரு பிடித்திருக்கிறது. அதை நம்பிப் பறக்கவிட முடியாது. வேறு ரிமோட் வேண்டும்.

ரவாங் அண்ணன், மதியம் 2:48
மாமா, என்னிடம் சைமா எக்ஸ்5சி ரிமோட் இருக்கிறது. ட்ரோன் எப்போதோ தொலைந்துவிட்டது, ரிமோட் மட்டும் அலமாரியில் கிடக்கிறது. தம்பியுடையதும் எக்ஸ்5சி தானே? பேட்டரியும் தருகிறேன், உப்பவில்லை, போன வாரம்தான் சார்ஜ் செய்து வைத்தேன். இப்போதே கிளம்பி வருகிறேன்.

தம்பி, மதியம் 2:49
அண்ணே வாங்க வாங்க!

ரவாங் அண்ணன், மாலை 4:35
செந்தூல் வந்துவிட்டேன். ஆனால் ரிமோட்டோடு ட்ரோன் சேரவில்லை. பேட்டரி போட்டதும் ட்ரோன் விளக்குகள் வேகமாக மின்னுகின்றன. ரிமோட் போட்டு, இடது குச்சியை முழுவதும் மேலே ஏற்றி, முழுவதும் கீழே இறக்கினேன். பீப் பீப் என்று சத்தம் வந்தது. ட்ரோன் மட்டும் இன்னும் மின்னிக்கொண்டே இருக்கிறது. மாமா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மாமா, இதைப் பார்த்தால் சொல்லுங்கள்.

மாமா, மாலை 5:02
இப்போதுதான் வீடு வந்தேன். ட்ரோனின் பெட்டி இருக்கிறதா? அதில் எக்ஸ்5சி என்று இருக்கிறதா, எக்ஸ்5சி-1 என்று இருக்கிறதா?

தம்பி, மாலை 5:06
எக்ஸ்5சி-1.

மாமா, மாலை 5:19
அதுதான் விஷயம். தம்பி, கொஞ்சம் பெரிதாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி, உனக்குப் பின்னால் உதவும்.

இரண்டு ரிமோட்டிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றுதான் போட்டிருக்கும். உன் வீட்டு வைஃபையும் அதே 2.4 தான். ஒரே சாலையில் போகிற எல்லா வண்டிக்கும் ஒரே சாவி பொருந்தாது, அது மாதிரிதான். ரிமோட் போட்டவுடன் அது தன்னுடைய அடையாள எண்ணை, குறிப்பிட்ட சில சேனல்களில் திரும்பத் திரும்ப அனுப்பும். ட்ரோன் அந்தச் சேனல்களில் காத்திருந்து எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்த வரிசையில் சேனல் மாற வேண்டும் என்று இரண்டுக்கும் தெரியும், சேர்ந்தே தாவும். இதைத்தான் பைண்ட் என்கிறோம். எத்தனை பைட் தகவல் அனுப்புவது, எந்த வேகத்தில், எந்தச் சேனலில், எந்த இடத்தில் குச்சியின் நிலை வரும் என்பதெல்லாம் ஒத்துப்போனால்தான் ட்ரோன் காது கொடுக்கும். ஒன்று மாறினாலும் வெறும் இரைச்சல்.

பெரியவர்கள் பொழுதுபோக்குக்கு வைத்திருக்கிற பல்வகை ரேடியோ மாட்யூல் ஒன்று உண்டு, பல வகை ட்ரோன்களோடும் அது ஒன்றே பேசும். அதற்குள் ஏ7105, சிசி2500, என்ஆர்எஃப்24எல்01, சிஒய்ஆர்எஃப்6936 என்று நான்கு சில்லுகள் இருக்கும். பொம்மைகள் எல்லாம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் பேசும். சைமாவுக்கு என்ஆர்எஃப்24 வகை. அந்த மாட்யூலின் பட்டியலில் பழைய எக்ஸ்5சியும் எக்ஸ்2வும் ஒரு பிரிவு. எக்ஸ்5சி-1, எக்ஸ்11, எக்ஸ்11சி, எக்ஸ்12 எல்லாம் இன்னொரு பிரிவு. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற எக்ஸ்5சியும் எக்ஸ்5சி-1உம் பேசிக்கொள்ளாது. கையளவு இருக்கிற எக்ஸ்11இன் ரிமோட் உன் பெரிய ட்ரோனோடு பேசும்.

ரவாங் அண்ணன், மாலை 5:27
அட, உருவத்தை வைத்துப் பொருத்தம் பார்க்கவே கூடாது போல. அப்போ அந்தப் பல்வகை ரேடியோவையே வாங்கிவிட்டால் என்ன மாமா?

மாமா, மாலை 5:33
வாங்கலாம், ஆனால் அது இந்த ட்ரோனைவிட விலை அதிகம். தம்பிக்கு இதில் ஆசை நிலைக்கிறதா என்று முதலில் பார்ப்போம். நிலைத்தால் அடுத்த பிறந்தநாளுக்கு என் செலவு. இப்போதைக்கு யாரிடமாவது எக்ஸ்11 ரிமோட் இருக்கிறதா?

கிள்ளான் அக்கா, இரவு 8:10
இப்போதுதான் பார்க்கிறேன். பாப்பாவின் பொம்மைப் பெட்டியில் ஒரு சின்ன ட்ரோன் இருந்தது. படம் அனுப்புகிறேன். [படம்] அதன் விசிறி எல்லாம் போய்விட்டது. ரிமோட் மட்டும் இருக்கிறது.

மாமா, இரவு 8:12
எக்ஸ்11! இதேதான், ம்மா. அதில் பேட்டரி இருந்தால் இப்போதே எடுத்துவிடு.

கிள்ளான் அக்கா, இரவு 8:15
எடுத்துவிட்டேன். சனிக்கிழமை பாட்டி வீட்டுக்கு வரும்போது கொண்டு வருகிறேன். தம்பியே வைத்துக்கொள்ளட்டும்.

பாட்டி, இரவு 8:30
சனிக்கிழமை எல்லோரும் வாருங்கள். இடியாப்பம் வைக்கிறேன்.

வியாழக்கிழமை

தம்பி, மாலை 6:40
பல்சக்கரம் வந்துவிட்டது. புது பேட்டரியும். சக்கரத்தை நானே மாட்டினேன் மாமா. [படம்] விசிறிகளைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டேன்.

மாமா, மாலை 6:58
அழகாக உட்கார்ந்திருக்கிறது.

சனிக்கிழமை

செந்தூல் சித்தி, காலை 10:20
சேர்ந்துவிட்டது!!! [வீடியோ] விளக்கு மின்னுவது நின்று, நான்கும் ஒரே மாதிரி எரிகிறது. இவன் குதித்த குதியில் அம்மா பயந்து அடுக்களையில் இருந்து ஓடி வந்தார்.

மாமா, காலை 10:22
வண்டியில் வந்துகொண்டிருக்கிறேன், சிகப்பு விளக்கில் நிற்கிறேன். நான் வரும்வரை பறக்கவிட வேண்டாம் என்று சொல்.

செந்தூல் சித்தி, காலை 10:24
லேசாக ஒரு முறை ஏற்றிவிட்டான் அண்ணா. ஒரு பக்கமாகச் சாய்ந்து குப்புற விழுந்தது. புல்தான், ஒன்றும் ஆகவில்லை. முகம் வாடிவிட்டது.

மாமா, காலை 10:51
வந்து பார்த்தேன். ட்ரோனில் குறை இல்லை. நான்கு விசிறியும் ஒரே விசிறி இல்லை. ஒவ்வொன்றிலும் ஏ, பி என்று பொடி எழுத்து இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். குறுக்கே எதிரெதிரே இருப்பவை ஒரே வகை, ஒரே பக்கம் சுற்றும். பக்கத்தில் இருப்பது எதிர்ப்பக்கம் சுற்றும். அப்போதுதான் உடல் தானாகச் சுழலாமல் நிற்கும். துடைத்து மாட்டும்போது பின்னால் இருக்கிற இரண்டும் இடம் மாறிவிட்டன, காற்றைக் கீழே தள்ளாமல் மேலே தள்ளியிருக்கின்றன. முதல் முறை கழற்றி மாட்டுகிற எல்லோருக்கும் இது நடக்கும். மாற்றிவிட்டோம்.

ரவாங் அண்ணன், காலை 11:05
[வீடியோ] இதோ பறக்கிறது. தம்பி கை நடுங்காமல் பிடிக்கிறான் பாருங்கள்.

கிள்ளான் அக்கா, காலை 11:06
ஐயோ, பாப்பாவின் ரிமோட் இவ்வளவு பெரியதைத் தூக்குகிறதே! கொஞ்சம் வலது பக்கமாக இழுத்துக்கொண்டே போகிறதா?

மாமா, காலை 11:15
ஆமாம், சரியாகப் பிடித்தாய். விழுந்த அடியில், சாய்வை உணர்கிற கைரோவுக்குச் சமநிலை கலைந்திருக்கும். தட்டையான சிமெண்டுத் தரையில் வைத்து இரண்டு குச்சியையும் கையேட்டில் படம் போட்டிருக்கிற மூலைக்கு இழுத்துச் சில விநாடி பிடித்தோம். விளக்கு மின்னி நின்றது. இப்போது நின்ற இடத்தில் நிற்கிறது.

தம்பி, காலை 11:40
மாமா, கேமரா வேலை செய்யவில்லை.

மாமா, காலை 11:42
எக்ஸ்11இல் கேமரா கிடையாது, அதனால் படம் எடுக்கும் பொத்தானை அந்த ரிமோட்டில் எதிர்பார்க்காதே. கேமராவைக் கழற்றிவிடு. எடை குறையும், கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும். நிறைந்த பேட்டரிக்கு 7 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள். விளக்கு மின்ன ஆரம்பித்தால் உடனே இறக்கு, மேலே வைத்துத் தீர்க்காதே. தீர்த்தால் பேட்டரி மறுபடி உப்பும்.

ரவாங் அண்ணன், பிற்பகல் 12:10
தம்பி, இன்னொன்று. மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி அனுமதி இல்லாமல் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. விமான நிலையம் பக்கமும் கூடாது. இந்த ரிமோட் கொஞ்ச தூரம்தான் எட்டும், அதனால் உயரத்தில் பிரச்சினை வராது. ஆனால் கூட்டத்துக்கு மேல் விடாதே. சுங்கை பட்டாணியில் இருக்கிற பெரியப்பா வீட்டுக்குக் கொண்டு போனாலும் இதேதான்.

தம்பி, பிற்பகல் 12:14
சரி அண்ணே. நாளைக் காலை பாடாங் திடலில் யாரும் இருக்க மாட்டார்கள். வருகிறீர்களா?

ரவாங் அண்ணன், பிற்பகல் 12:15
ஏழரைக்கு வருகிறேன். அந்த நேரத்தில் காற்றும் இருக்காது. மாமா, என் எக்ஸ்5சி ரிமோட்டை என்ன செய்வது?

மாமா, பிற்பகல் 12:20
என்னிடம் கொடு. குச்சிகளும் சுவிட்சும் புதிதாக இருக்கின்றன, உதிரி பாகத்துக்கு ஆகும். எக்ஸ்2 வைத்திருக்கிற யாராவது கிடைத்தால் முழுதாகவே கொடுத்துவிடலாம். தம்பி, உன் ரிமோட்டின் பின்னால் ஒரு டேப் ஒட்டி எக்ஸ்5சி-1, எக்ஸ்11 இரண்டுக்கும் என்று எழுதிவிடு. இன்று ஆடி முடித்ததும் ரிமோட்டின் பேட்டரிகளை வெளியே எடு.

தம்பி, பிற்பகல் 12:31
எழுதிவிட்டேன். [படம்] ட்ரோன் பேட்டரி ஆறியதும் சார்ஜில் போடுகிறேன், நானே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பாட்டி, பிற்பகல் 12:33
முதலில் வந்து சாப்பிடுங்கள். இடியாப்பம் ஆறுகிறது.