பெரிய டெக் கம்பெனியில் சேரப் போகிறீர்களா? முதல் வாரமே கேட்க வேண்டிய ஒரு கேள்வி

எச்-1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்து, கையில் பெரிய கம்பெனி ஆஃபர் வைத்துக்கொண்டு "சேரலாமா அண்ணா?" என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேருங்கள், தம்பி. பிரசவம், குழந்தைக்குக் காய்ச்சல் எதுவானாலும் இன்சூரன்ஸ் தாங்கும். டீம் பிடிக்காவிட்டால் உள்ளுக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம். கோடிப் பேர் பயன்படுத்தும் ஒரு சேவை எப்படி விழாமல் நிற்கிறது என்பதைச் சின்ன கம்பெனியில் இருந்துகொண்டு இந்த அளவுக்குக் கற்றுக்கொள்ள முடியாது.

ஆனால் ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கும் மொத்தத் தொகையை நம்பி வீடு பார்க்கக் கிளம்பாதீர்கள். அதில் கணிசமான பங்கு ஷேர். பொதுவாக நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்கு வரும். அமேசானில் பல வருடங்களாக இருந்த கணக்கு முதல் வருடம் 5%, இரண்டாம் வருடம் 15%; மீதி 80% கடைசி இரண்டு வருடத்தில். ஷேர் கைக்கு வரும் அன்றே அது சம்பளமாகக் கணக்காகி வரி விழும். கம்பெனி பெரும்பாலும் 22% மட்டும் ஃபெடரல் வரி பிடிக்கும். நீங்கள் 32% வரி அடுக்கில் இருந்தால் பாக்கியை ஏப்ரலில் கையிலிருந்து கட்ட வேண்டும். அதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு லேஆஃப் மெயில் வந்தபோது மணி காலை ஆறு. அடுப்பில் பால் வைத்திருந்தேன். லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு எடுக்கவில்லை. நல்ல ரேட்டிங் வாங்கியவன்தான், டீமையே மூடிவிட்டார்கள். அன்று சாயங்காலம் மனைவி ஃப்ரிட்ஜில் மாட்டியிருந்த காலண்டரில் 60 நாளை எண்ணி வட்டம் போட்டாள். எச்-1பி-யில் வேலை போனால் அதிகபட்சம் அவ்வளவுதான் அவகாசம். அதற்குள் புதுக் கம்பெனி மனு போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். இந்த நாள் கணக்கு பொதுவாக மெயில் வந்த தேதியிலிருந்து அல்ல, சம்பளம் கொடுத்த கடைசி நாளிலிருந்து தொடங்கும். அது தெரியாமல் நாங்கள் முதல் வாரம் தூங்கவே இல்லை.

என்னைக் காப்பாற்றியது ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி நமக்காகப் போடும் மனு. அது அப்ரூவ் ஆகிவிட்டதால், பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும் கிரீன் கார்டு வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி போகாது; 180 நாளும் தாண்டியிருந்ததால் அந்த அப்ரூவலும் ரத்தாகாது. அந்த அப்ரூவலைக் காட்டித்தான் எச்-1பி-க்கு உள்ள ஆறு வருட வரம்புக்கு மேலும் அதை நீட்டிக்க முடிந்தது. வருடந்தோறும் தரும் கிரீன் கார்டுகளில் எந்த நாட்டுக்கும் பொதுவாக 7%-க்கு மேல் கிடையாது என்ற வரம்பால் இந்தியர்களுக்கு வரிசை பத்து வருடத்துக்கும் மேல் நீள்கிறது. அதில் சீக்கிரம் இடம் பிடிப்பது சம்பளத்தில் இருபதாயிரம் டாலர் கூடுவதைவிடப் பெரிது.

அதனால் முதல் வாரமே மேனேஜரிடம் கேளுங்கள்: "பெர்ம் எப்போது தொடங்குவீர்கள்?" பெர்ம் என்பது கிரீன் கார்டுக்கான முதல் படி, தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று; அது கிடைத்த பிறகுதான் ஐ-140. கூச்சப்பட வேண்டாம், எல்லோரும் கேட்பதுதான். லேஆஃப் நடந்தால், அதே பகுதியில் அதே மாதிரி வேலையிலிருந்து அனுப்பப்பட்ட அமெரிக்கர்களை முதலில் பரிசீலிக்க வேண்டும் என்ற விதி ஆறு மாதத்துக்கு இருக்கிறது. பல கம்பெனிகள் அந்தச் சமயத்தில் பெர்மையே நிறுத்திவிடும். தள்ளிப்போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம், ஐ-140 அப்ரூவல் நோட்டீஸைக் கேட்டு வாங்கி, ஆபீஸ் லேப்டாப்பில் வைக்காமல் உங்கள் சொந்த மெயிலுக்கு இன்றே அனுப்பி வையுங்கள். பே ஸ்லிப்புகளையும் அப்படியே.