சன் வேலிதான் முதலாம்! எத்தனை முறை சொல்வது?

மலைக்காற்று:
உலகின் முதல் பனிச்சறுக்கு லிஃப்ட், அதாவது சறுக்குபவர்களை மேட்டுக்கு ஏற்றிவிடும் சாதனம், 1936இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சன் வேலியில் ஓடியதாகத் தண்டவாளம் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஜெர்மனியின் கருங்காட்டில், ஷோலாக் என்ற சிற்றூரில், ராபர்ட் விண்டர்ஹால்டர் என்ற விடுதிக்காரர் 1908இலேயே நீராலையின் விசையால் கயிற்றை ஓட்டி விருந்தினர்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டார். 1908 முந்தியதா, 1936 முந்தியதா?

தண்டவாளம்:
கயிற்றைப் பிடித்துக்கொண்டு இழுபடுவது லிஃப்ட் என்றால் கிணற்று ராட்டினமும் லிஃப்ட்தான். சன் வேலியில் மனிதன் நாற்காலியில் உட்கார்ந்து போனான், ஐயா! யூனியன் பசிபிக் ரயில்வேயின் தலைவர் ஆவரெல் ஹாரிமன், குளிர்காலத்திலும் ரயிலுக்குப் பயணிகள் வேண்டும் என்று ஆஸ்திரியப் பிரபு ஃபெலிக்ஸ் ஷாஃப்காட்ச்சை மலை மலையாக அனுப்பினார். யோசெமிட்டி, மவுண்ட் ஹூட், ஜாக்சன் ஹோல் எதுவுமே பிரபுவுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஐடஹோவின் கெச்சமுக்கு வந்தார். சுரங்கத் தொழில் ஓய்ந்து, ஆட்டு மந்தைகளை நம்பிப் பிழைத்த ஊர் அது. அவர் அங்கே கால் வைத்தது 1936 தொடக்கத்தில்; அதே ஆண்டு டிசம்பரில் பக்கத்திலேயே சன் வேலி விடுதி திறந்தாகிவிட்டது. உங்கள் நீராலைக்காரர் இதில் கால்பங்காவது செய்தாரா?

மலைக்காற்று:
விடுதியைப் பற்றி யார் கேட்டார்கள்? 1908.

வெண்பனி:
இருவருக்கும் டாவோஸ் நினைவில் இல்லை போலிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் போல்கன் சரிவில் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம், பின்புறம் கம்பி கொடுத்து இழுக்கும் லிஃப்டை 1934இல் ஓட்டினார். அதுவும் 1936க்கு முந்தியதுதான்.

தண்டவாளம்:
அதிலும் நின்றுகொண்டுதானே போனார்கள்? உட்கார்ந்தார்களா? அதற்குப் பதில் சொல்லுங்கள். யூனியன் பசிபிக்கின் பொறியாளர் ஜிம் கர்ரன், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் இயந்திரத்தை அறிந்தவர். தார் தொங்கும் கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியைத் தொங்கவிட்டால் என்ன என்று யோசித்தார். ஆபத்து என்று மேலிடம் தயங்கியது. சறுக்கு வீரர் சார்லி ப்ராக்டர்தான் அந்த வரைபடத்தின் பக்கம் நின்றார். ஒமாஹாவில் பனியே இல்லாத காலத்தில், லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி, சக்கரக் காலணி போட்ட ஆட்களை அதில் ஏற்றிப் பார்த்தார்கள். ஓடும் நாற்காலி ஆளை அடிக்காமல் தூக்க எந்த வேகம் சரி என்று கண்டுபிடித்தது அங்கேதான். அதைத்தான் சன் வேலியின் ப்ராக்டர் மலையிலும் டாலர் மலையிலும் நிறுவினார்கள்.

வெண்பனி:
அந்த விடுதி எழுந்த இடத்துக்குச் சன் வேலி என்று பெயர் வைத்தவரே விளம்பரக்காரர் ஸ்டீவ் ஹானகன். அதற்கு முன் மயாமி பீச்சை விளம்பரத்தால் விற்றவர். அவர் கை பட்ட இடத்தில் வாழைத்தாரை நம்பச் சொல்கிறீர்கள். நீங்கள் மெச்சும் விடுதியின் மரச்சுவரும் மரமில்லை; பலகை அச்சில் வார்த்துச் சாயமேற்றிய கான்கிரீட்.

தண்டவாளம்:
கான்கிரீட்டுக்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம்? சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ் மலை ரயில் கடைசி நிலையத்தை எட்டியது 1921 என்று அடித்துச் சொன்னவர்தானே நீங்கள்? அது 1912. அன்று அத்தனை பேர் எடுத்துச் சொல்லியும் வாய் திறக்காதவர், இன்று டாவோஸோடு வந்திருக்கிறார்.

வெண்பனி:
அது தட்டச்சுப் பிழை என்று அன்றே சொன்னேன். பழைய பகையை இங்கே தீர்க்க வேண்டாம்.

நடுநிலையாளன்:
லிஃப்ட் என்றால் எது என்று முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே?

தண்டவாளம்:
வந்துவிட்டார் நாட்டாமை. 1939இல் சன் வேலியின் பால்டி மலைக்கும் நாற்காலிதான் ஏறியது, நீராலைக் கயிறு அல்ல. உலகமே எதைப் பின்பற்றியது என்று பாருங்கள்.

மலைக்காற்று:
பின்பற்றியதைக் கேட்கவில்லை. முந்தியதைக் கேட்டேன். 1908.

தண்டவாளம்:
உட்கார்ந்தார்களா, இல்லையா?