சூடானதும் மேட்டில் மிஸ்ஸிங்: காயிலா, கார்புரேட்டரா?

பழையவண்டி:
நாலு சிலிண்டர், கார்புரேட்டர், பாயிண்ட் செட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள பழைய பெட்ரோல் கார். ஸ்டார்ட்டிங், ஐட்லிங் இரண்டிலும் குறையில்லை. நன்றாகச் சூடேறிய பிறகு மேட்டில் டாப் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மட்டும் மிஸ்ஸிங், அதாவது வெட்டி வெட்டி இழுக்கிறது. காலைத் தளர்த்தினால் சரியாகிவிடும். புது ப்ளக் போட்ட பிறகு இன்னும் கூடியிருக்கிறது. ஸ்பார்க்குக்கு அதிக வோல்டேஜ் தரும் காயிலை மாற்றச் சொல்கிறார் ஒருவர், கார்புரேட்டரைக் கழற்றச் சொல்கிறார் இன்னொருவர். எதிலிருந்து தொடங்குவது?

மேட்டுச்சாலை:
கார்புரேட்டரைக் கழுவிப் பாருங்கள். ஜெட்டில் (பெட்ரோல் வரும் சிறு துளை) தூசி இருந்தாலும் மேட்டில் திணறும்.

பாயிண்ட்செட்:
சார், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பெட்ரோல் போதாவிட்டால் பெரும்பாலும் இழுவை மெல்லக் குறையும். சட்டென்று வெட்டுகிறதென்றால் எனக்கு ஸ்பார்க் மேல்தான் சந்தேகம். மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் ப்ளக் முனையில் ஸ்பார்க் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். ஐட்லிங்கில் சமாளித்த ப்ளக் ஒயர் அப்போது வெளியே கசியவிட்டுவிடும். அதனால் நின்ற வண்டியில் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தால் நாலும் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும்.

மேட்டில் நன்றாக மிஸ் ஆகவிட்டு, ஓரமாக நிறுத்தி, ஐட்லிங்கில் ஓடவிடாமல் உடனே அணைத்துவிடுங்கள். ஆறியதும் நாலு ப்ளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நாலும் கறுத்திருந்தால் காயில், கண்டென்சர் (பாயிண்ட்டோடு சேர்ந்த மின்தேக்கி), பாயிண்ட், ரோட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு ப்ளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழல்வது) என்று பொதுவான இடங்களைத் தேடலாம், பெட்ரோல் கலவையையும் பார்க்கலாம். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் காயிலை விட்டுவிடுங்கள், அது நாலுக்கும் பொது. அப்புறம், புது ப்ளக்கின் இடைவெளியை அளந்தார்களா?

பழையவண்டி:
பார்த்துவிட்டேன். மூன்றாவது மட்டும் கரி படிந்து கறுப்பு, மற்றவை இளம் பழுப்பு. இடைவெளி நாலிலும் 1.1 மி.மீ.

பாயிண்ட்செட்:
பாயிண்ட் செட் வண்டிக்கு 1.1 மிக அதிகம். பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வரைதான் இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடி வையுங்கள். இடைவெளி கூடினால் வோல்டேஜும் கூடுதலாக வேண்டும். புது ப்ளக் போட்டதும் மிஸ்ஸிங் கூடியது அதனால்தான். ஆனால் நாலிலும் அதே இடைவெளி இருக்கும்போது மூன்றாவது மட்டும் ஏன் தவறுகிறது? அதைக் கண்டுபிடிக்கும் வரை இடைவெளியைக் குறைக்காதீர்கள், குறைத்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும். இரண்டாவது, மூன்றாவது ஒயர்களை இரு முனையிலும் கழற்றி ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடுங்கள், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசை) மாறக் கூடாது. ப்ளக்குகளைத் துடைத்து அதே இடத்தில் போட்டு, மறுபடி மேடு ஏறுங்கள். கறுப்பு இரண்டாவதுக்குப் போனால் ஒயர்தான். போகாவிட்டால் அந்தப் ப்ளக்கையும், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியில் மூன்றாவது முனையையும் பாருங்கள்.

பழையவண்டி:
இரண்டாவதுக்குப் போய்விட்டது! இரவில் பானட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது தள்ளி நின்று ஒயர்மேல் பனிபோலத் தண்ணீர் தெளித்தேன். ஒயர் வழக்கமாகக் கிளிப்பில் உரசும் இடத்திலிருந்து நீலப் பொறி ஹெட்டுக்குத் தாவுகிறது.

மேட்டுச்சாலை:
மல்ட்டிமீட்டரில் ஓம் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்காதா?

பாயிண்ட்செட்:
தெரியாது சார். மீட்டர் உள்ளே ஓடும் கடத்தியைத்தான் அளக்கும், அதுவும் மிகக் குறைந்த வோல்டேஜில். மேலுறை கசிவது ஆயிரக்கணக்கான வோல்ட்டில்தான் வெளிப்படும். நாலு ஒயரும் ஒரே வயதென்றால் செட்டாக மாற்றுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் சாயாமல், இரும்பில் உரசாமல் கட்டுங்கள். இனி ப்ளக் இடைவெளியையும் சரிசெய்யலாம். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், முனைகளுக்கிடையே முடிபோலக் கரிக்கோடு தெரிந்தால் மூடியையும் மாற்ற வேண்டும்.