புதுப்பிப்பு: கடைசல் மெஷினின் வேகத்தைக் குறைத்துவிட்டேன்

மரக் கடைசல் மெஷினின் கால் ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டாரை வேகம் குறைக்க ரெகுலேட்டரில் போட்டால் ஏன் உறுமுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டது.

இது கெபாசிட்டர் ஸ்டார்ட் இண்டக்‌ஷன் மோட்டார். 4 போல் (காந்த முனை), 50 ஹெர்ட்ஸ், லோடில் நிமிடத்துக்கு 1440 சுற்று. வேகத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது போல் எண்ணிக்கையும் கரண்டின் அதிர்வெண்ணும் (ஹெர்ட்ஸ்). ரெகுலேட்டர் குறைப்பதோ வோல்டேஜை. வோல்டேஜ் பாதியானால் இழுவிசை கால்வாசிதான். சுற்று தளர்ந்ததும் உள்ளே சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் (வேகம் பிடித்ததும் தானாக விலகுவது) 'டக்'கென்று மறுபடி ஒட்டி, கிளம்பும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய ஸ்டார்ட்டிங் காயிலுக்குக் கரண்ட் பாய்கிறது. கழற்றிப் பார்த்தேன், அந்தக் காயிலின் வார்னிஷ் ஓரத்தில் கறுத்திருந்தது. நல்லவேளை, எரியவில்லை!

இப்போது மோட்டாரில் 2 அங்குல புல்லி, கடைசலில் 6 அங்குலம். அதனால் கடைசல் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், 480 சுற்றில் ஓடுகிறது. வேப்பங்கட்டையில் உளி திணறாமல் சீவுகிறது. வோல்டேஜ் குறைத்தால் வேகம் நன்றாகக் குறைவது மிக்ஸி, கை டிரில் போன்ற கார்பன் பிரஷ் மோட்டாரில்தான்.